பல்கலைக்கழகத்தில் எல்லாத் துறையும் இருந்தே ஆக வேண்டுமா?

அளவுகோல்:
நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் நாற்பதுக்கு மேல் துறைகள். கையேட்டில் பார்க்க அழகாக இருக்கும். உள்ளே போனால் சில துறைகளில் ஆசிரியர் இரண்டே பேர், ஆய்வு மாணவர் ஒருவர்கூட இல்லை. இப்படிப் பெயருக்கு நடத்துவதைவிடப் பாதியை மூடிவிட்டு, மீதியை உருப்படியாக நடத்தலாமே?

நூலகப்பூனை:
மூடலாம். ஆனால் எதை இழந்தோம் என்பது பிறகு யாருக்கும் தெரியாது. அமெரிக்கப் பொறியாளர் கிளாட் ஷானன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தது மின்பொறியியலும் கணிதமும். அங்கே ஒரு தத்துவ வகுப்பில்தான் கணிதவியலர் ஜார்ஜ் பூலின் தர்க்க இயற்கணிதம் (உண்மை, பொய் என்பதை 1, 0 ஆக வைத்துக் கணக்கிடும் முறை) அவருக்கு அறிமுகமானது. பூல் அதை விரிவாக எழுதியது 1854இல். அப்போது அதனால் யாருக்கு என்ன லாபம்? பிறகு எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சுற்றுகளோடு மல்லுக்கட்டியபோது, சுற்று திறப்பதும் மூடுவதும் பூலின் 0, 1தானே என்று ஷானன் பிடித்துக்கொண்டார். 1937இல் அதையே முதுநிலை ஆய்வேடாக எழுதினார். கணினிச் சுற்றெல்லாம் அந்த வழியில் வந்ததுதான். அந்தத் தத்துவ வகுப்புக்கு ஆள் குறைவு என்று மூடியிருந்தால்?

அளவுகோல்:
ஷானன் வருவார் என்று தெரியும் :) ஒரு ஷானனைச் சொல்லி நாற்பது துறைக்கும் சம்பளம் கேட்க முடியுமா? நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். இளநிலைப் படிப்பே கிடையாது, உயிர்மருத்துவ ஆய்வுதான் எல்லாம். நோபல் பரிசுக்குக் குறைவா அங்கே? 1895இல் தொடங்கிய லண்டன் பொருளியல் பள்ளியும் சமூக அறிவியலைச் சுற்றியே வளர்ந்தது.

மூன்றாம்பெஞ்சு:
இருவருமே எண்ணிக்கையில் மாட்டிக்கொண்டீர்கள். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகம் சின்ன இடம், அறிவியலும் பொறியியலும்தான் பிரதானம். அங்கேயும் இளநிலை மாணவர்கள் இலக்கியம், வரலாறு மாதிரிப் பாடங்களை எடுத்தே ஆக வேண்டும். நான் இயற்பியல் படித்த இடத்தில் மொழியியல் துறை பக்கத்துக் கட்டடம். அங்கே ஒரு பாடம் எடுக்க மூன்று கையெழுத்து வாங்கினேன். கடைசியில் இரண்டு தேர்வும் ஒரே நாள், ஒரே நேரம்! துறை இருந்து என்ன பயன்?

அளவுகோல்:
இதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் சின்னத் துறைகள் பாடம் மட்டும் நடத்தட்டும், முனைவர் பட்டச் சேர்க்கையை நிறுத்திவிடலாம். வழிகாட்ட ஆளில்லாமல் மாணவரைச் சேர்ப்பது சுத்த ஏமாற்று.

நூலகப்பூனை:
ஏமாற்றுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆய்வும் கற்பித்தலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றுதானே 1810இல் ஜெர்மன் அறிஞர் வில்ஹெல்ம் ஹும்போல்ட் பெர்லின் பல்கலைக்கழகத்தை அமைத்தார்? ஆய்வு செய்ய வழியில்லாத துறையில் நல்ல ஆசிரியர் எத்தனை நாள் இருப்பார்?

அளவுகோல்:
இப்போது மட்டும் இருக்கிறார்களா? போன வருடம் ஒருவர் கிளம்பினார். அந்த இடம் இன்னும் காலி.