வண்டி டேங்கில் தண்ணீர் இறங்கிவிட்டதா? அவசரம்

வேளச்சேரிவாசி:
நேற்று ராத்திரி மழையில் ஃபுல் டேங்க் போட்டுவிட்டுக் கிளம்பினேன். 2 கிலோமீட்டர்கூட வரவில்லை, வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றுவிட்டது. செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. நாளை காலை அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். ப்ளீஸ், யாராவது சொல்லுங்கள்.

ஸ்பேனர்12:
பெட்ரோலா டீசலா? எந்த வருஷ வண்டி? தேங்கின தண்ணீரில் ஓட்டினீர்களா? ஏர் ஃபில்டர் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறியிருந்தால் செல்ஃப் அடிக்கவே கூடாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கோவை_மணி:
மழை என்றாலே ஸ்பார்க் பிளக்குக்கு கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயில்தான். கழற்றித் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். எனக்கு 2 தடவை இதுதான்.

வேளச்சேரிவாசி:
பெட்ரோல், 2019. தேங்கின தண்ணீரில் இறங்கவே இல்லை.

பழையகை:
ஒவ்வொரு ஐப்பசிக்கும் இதே கேள்வி. முதல் பதிவிலேயே இதையெல்லாம் எழுதப் பழகுங்கள் தம்பி. பெட்ரோல் போட்ட கையோடு நின்றால் காயிலை எதற்குத் தொட வேண்டும்? இனி செல்ஃப் அடிக்காதீர்கள், அடிக்க அடிக்கத் தண்ணீர் பம்பைத் தாண்டி இன்ஜெக்டர் வரை போகும். மெக்கானிக்கிடம் சொல்லி டேங்க் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள். நடுவில் கோடு விழுந்தால் தண்ணீர்தான். ட்யூப் போட்டு வாயால் மட்டும் உறிஞ்சாதீர்கள்.

நெல்லை_கார்:
ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கால் லிட்டர் ஊற்றினால் தண்ணீரைக் கரைத்துக்கொண்டு போய்விடும். டேங்க் இறக்கும் செலவு மிச்சம்.

ஸ்பேனர்12:
அது கொஞ்சூண்டு ஈரத்துக்கு. இப்போது போடும் பெட்ரோலிலேயே 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது அண்ணே. அது தாங்கும் அளவைத் தாண்டித் தண்ணீர் சேர்ந்தால் எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அடியில் இருப்பதைத்தான். மேலே மிஞ்சும் பெட்ரோலுக்கும் ஆக்டேன் குறைந்துவிடும். மொத்தத்தையும் வடித்தே ஆக வேண்டும்.

கோவை_மணி:
அப்போ இந்த 20 சதவீத எத்தனால் பெட்ரோல், E20 தான் வில்லன் என்று சொல்லுங்கள். 2019 வண்டிக்கு அதை ஏன் ஊற்ற வேண்டும்?

பழையகை:
எத்தனால் தண்ணீரைக் கொண்டுவரவில்லை. பங்கின் நிலத்தடி டேங்கில் மழைத்தண்ணீர் கசிந்தால் எந்தப் பெட்ரோலும் கெடும். டிப் ராடில் பேஸ்ட் தடவி இறக்கிப் பார்ப்பது அதற்காகத்தான், தண்ணீர் பட்டால் நிறம் மாறும்.

கோவை_மணி:
மைலேஜ் குறைந்ததற்கும் மழைதான் காரணமா?

நெல்லை_கார்:
எனக்கும் குறைந்திருக்கிறது. இதற்குத் தனி இழை போடுவோம்.

அரும்பாக்கம்_அக்கா:
மைலேஜ் பேச்சு அப்புறம். தம்பி, பில்லைப் பத்திரமா வை. வடிக்கும்போது 1 லிட்டர் தனியா எடுத்து மூடி, தேதி எழுதி வை. மெக்கானிக்கிடம் டேங்கில் இருந்தது என்ன என்று எழுதி வாங்கு. பங்கில் மசியவில்லை என்றால் 1915-க்கு, நுகர்வோர் உதவி எண், கூப்பிடு. அப்பாவுக்கு இப்போதே ஆட்டோ சொல்லிவிடு, இந்த வண்டியை நம்பாதே.

வேளச்சேரிவாசி:
ஆட்டோவில் போய் வந்தோம், அப்பா நன்றாக இருக்கிறார். டேங்க் இறக்கியாச்சு. பாட்டிலில் அடியில் மூன்று விரல் உயரம் தனியாக நின்றது, மேலே பெட்ரோல். ஃபில்டர் மாற்றி, லைன் கழுவி, புது பெட்ரோல் ஊற்றினதும் இரண்டாவது செல்ஃபில் எடுத்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

அரும்பாக்கம்_அக்கா:
பங்கில் என்ன சொன்னார்கள்?

ஸ்பேனர்12:
தம்பி, அதையும் எழுதுங்கள். அன்று ராத்திரி அங்கே போட்டவர்கள் வேறு யாராவது இருப்பார்கள்.