"லோ-ஃபை" என்று தேடினால் வேறு ஏதோ வருகிறது: டால் டுவார்ஃப்ஸ் போன்ற குழுக்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

பாமணி (மன்னார்குடி):

அனைவருக்கும் வணக்கம். நியூசிலாந்தின் டால் டுவார்ஃப்ஸ் குழுவை ஓராண்டாக விடாமல் கேட்டு வருகிறேன். கிறிஸ் நாக்ஸும் அலெக் பாத்கேட்டும், டாய் லவ் என்ற தங்கள் முந்தைய குழு கலைந்த பிறகு, 1981-இல் தொடங்கிய இருவர் குழு அது. டிரம்ஸ் வாசிப்பவர் கிடையாது; கைதட்டலும், கைக்கு அகப்பட்ட பொருளைத் தட்டிய ஒலியும், ஒட்டிச் சுழலவிட்ட நாடாத் துண்டுகளுமே தாளம். கோணல்மாணலாகத் தொடங்கும் பாட்டு நடுவில் திடீரென்று நெஞ்சைப் பிசைந்துவிடும்.

இதே சுவையில் வேறு குழுக்களைத் தேடும்போதுதான் சிக்கல். "லோ-ஃபை" (எளிய கருவியில் பதிவான கரடுமுரடான ஒலி) என்று இட்டால், வேகத்தைக் குறைத்து எதிரொலி சேர்த்த திரைப்பாடல்களும், படிக்கும்போது பின்னணியில் ஓடவிடும் மெல்லிய தாளங்களும் வருகின்றன. "இண்டி" என்று சேர்த்தால், பளிச்சென்று ஒலிப்பதிவு செய்த தனியிசைக் காதல் பாடல்கள் வருகின்றன. இசைச் செயலியின் பழைய கேட்பு வரலாற்றை அழித்துவிட்டு, பத்து நாள் இந்தக் குழுவை மட்டுமே கேட்டுப் பார்த்தேன். அப்போதும் எல்லோரும் அறிந்த நாலைந்து ராக் குழுக்களையே அது திரும்பத் திரும்பக் காட்டியது. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

அரசலாறு (கும்பகோணம்):

தம்பி, நான் டேப் ரெக்கார்டர் பழுது பார்ப்பவன். இந்த வகைப் பாடல்கள் எனக்கு ஒலியின் வழியாகத்தான் அறிமுகமாயின. நீங்கள் இடும் "லோ-ஃபை" என்ற சொல்லுக்கு இப்போது இரண்டு பொருள். உங்கள் குழுவின் காலத்தில் அது பதிவு செய்த கருவியின் வரம்பைக் குறித்தது. இன்று, பிழையின்றிப் பதிவான ஒலியின்மேல் பிறகு பூசப்படும் நிறத்தையும் குறிக்கிறது. ஆகவே அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

நான்கு ஒலிகளைத் தனித்தனியே பதியும் நான்கு தட நாடாக் கருவியில் மூன்று தடங்களை நிரப்பியபின், அவற்றைக் கலந்து நான்காவதில் ஏற்றி, காலியான மூன்றிலும் மேற்கொண்டு பதிவு செய்வார்கள். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் இரைச்சல் கூடும். உச்ச ஒலிகள் மங்கும். அந்த மங்கல்தான் உங்களை இழுக்கிறதா, அல்லது கையால் தட்டிய தாளமா? முதலில் இதைச் சொல்லுங்கள். இரண்டுக்கும் போகும் பாதை வேறு வேறு.

குடமுருட்டி (திருவையாறு):

உங்களுக்கு வேண்டிய பட்டியலை இசைக்கலைஞர்களே தயாரித்து வைத்திருக்கிறார்கள். 2009-இல் கிறிஸ் நாக்ஸுக்குப் பக்கவாதம் ஏற்பட்டபோது, அவருக்கு உதவுவதற்காக அவருடைய பாடல்களை மற்றவர்கள் பாடிய "ஸ்ட்ரோக்" என்ற தொகுப்பு அதே ஆண்டில் வெளிவந்தது. நியூட்ரல் மில்க் ஹோட்டலின் ஜெஃப் மேங்கம், தி மவுண்டன் கோட்ஸ், யோ லா டெங்கோ, பில் கேலஹன், ஜே ரீட்டார்ட் ஆகியோர் அதில் இருக்கிறார்கள். யாருடைய பாட்டை யார் விரும்பிப் பாடினார்கள் என்பதைவிட நம்பகமான பரிந்துரையை எந்தச் செயலியும் தராது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு வழி, பதிவுக் கருவியைப் பின்தொடர்வது. நாக்ஸ் வைத்திருந்த நான்கு தடக் கருவி அவருடைய பாடல்களோடு நின்றுவிடவில்லை. 1982-இல் ஃப்ளையிங் நன் என்ற இசை நிறுவனம் வெளியிட்ட "டனீடன் டபுள்" இரட்டை இசைத்தட்டு அதில் பதிவானதே. தி சில்ஸ், தி வெர்லெய்ன்ஸ், ஸ்னீக்கி ஃபீலிங்ஸ், தி ஸ்டோன்ஸ் என நான்கு குழுக்களை அந்த ஒரே வெளியீட்டில் கேட்டுவிடலாம்.

பாமணி:

அரசலாறு ஐயா கேட்ட கேள்வியை இரண்டு நாள் யோசித்தேன். என்னை இழுப்பது கைத்தாளம்தான். எங்கள் தெரு மாரியம்மன் கோயில் திருவிழாவில் பெண்கள் கும்மியடித்ததை, என் சிறு வயதில் அத்தை ஒரு கேசட்டில் பதிவு செய்திருந்தார். அதில் கைதட்டல் விழும்போதெல்லாம் பாட்டு சற்றே உள்ளே போய்விடும். தட்டல் ஓய்ந்ததும் குரலும், அதன் பின்னால் வயல் தவளைச் சத்தமும் மேலெழும். டால் டுவார்ஃப்ஸைக் கேட்கும்போது அந்தக் கேசட் நினைவுக்கு வந்ததை நீங்கள் கேட்ட பிறகே உணர்ந்தேன்.

அரசலாறு:

கேசட்டில் நீங்கள் சொல்வது, அந்தக் கருவி தானாகவே ஒலியளவைச் சரிசெய்வதன் விளைவு. பெருஞ்சத்தம் வந்தால் கருவி பதிவளவைத் தாழ்த்தும். சத்தம் அடங்கினால் மெல்ல உயர்த்தும். அப்போது தவளையும் இரைச்சலும் முன்னால் வந்துவிடும். இந்த மூச்சு வாங்கும் ஒலி வேண்டுமென்றால், தி மவுண்டன் கோட்ஸின் பழைய பதிவுகளுக்குப் போங்கள். அந்தக் குழுவின் ஜான் டார்னியல் ஒரு பானாசோனிக் கேசட் பெட்டியின் உள்ளேயே இருக்கும் மைக்கில் பாடிப் பதிந்தவர். மைக்கும் மோட்டாரும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால் பல்சக்கரத்தின் அரைப்பும் பாட்டோடு சேர்ந்தே கேட்கும். 2002-இல் வந்த "ஆல் ஹெய்ல் வெஸ்ட் டெக்ஸஸ்" தொகுப்பிலிருந்து தொடங்குவது நல்லது.

குடமுருட்டி:

தாளம்தான் முக்கியம் என்றால், வேல்ஸின் கார்டிஃப் நகரத்து யங் மார்பிள் ஜயன்ட்ஸ் குழுவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1980-இல் வெளிவந்த "கொலோசல் யூத்" ஒன்றே அவர்களுடைய முழு ஆல்பம். அங்கேயும் டிரம்ஸ் வாசிப்பவர் இல்லை. தாள இயந்திரத்தின் ஒலியை நாடாவில் ஏற்றி ஓடவிட்டு, அதன்மேல் தாழ்ந்த குரலில் பாடுவார்கள். உங்கள் குழுவின் குறும்பு அதில் இருக்காது, ஆனால் இடைவெளி விட்டு வாசிக்கும் துணிவு இருக்கும்.

பாமணி:

மூன்று வாரம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். "டனீடன் டபுள்" எனக்கு முழுமையாக ஒட்டவில்லை. பாட்டுகள் அழகானவை என்றாலும், அவற்றில் முறையான டிரம்ஸ் வந்துவிடுகிறது. மவுண்டன் கோட்ஸில் ஐயா சொன்ன அரைப்பு ஒலி தெளிவாகக் கேட்டது; இப்போது அது இல்லாமல் அந்தப் பாடல்களை நினைக்க முடியவில்லை. மிகவும் பிடித்தது யங் மார்பிள் ஜயன்ட்ஸ்தான். சம்பா நாற்றங்காலுக்கு இரவில் தண்ணீர் வைத்துக்கொண்டு, பம்புசெட்டுக்குச் சற்றுத் தள்ளி வரப்பில் உட்கார்ந்து முழு ஆல்பத்தையும் இரண்டு முறை கேட்டேன். "ஸ்ட்ரோக்" தொகுப்பில் இன்னும் பாதி மீதம் இருக்கிறது. அதில் பாடியவர்களில் ஒவ்வொருவராக எடுத்து, அவர்களுடைய முதல் பதிவுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.