பிஎஸ்6 வண்டியில் சைடு ஸ்டாண்டு வெல்டிங்: பேட்டரியை மட்டும் கழற்றினால் போதுமா?

மலைப்பாதை:
வணக்கம். என்னுடையது 2021இல் வாங்கிய 150 சிசி பைக், பிஎஸ்6 (2020 ஏப்ரலில் வந்த புகை விதிப்படி செய்தது). சைடு ஸ்டாண்டு மாட்டியிருக்கும் பிராக்கெட் சேஸோடு சேருமிடத்தில் பாதிக்கு மேல் விரிசல். போல்ட் போட்டு மாட்டும் வகை இல்லை, சேஸிலேயே பற்ற வைத்தது. ஊரில் இருக்கும் பட்டறைக்காரர் நாளைக் காலை வரச் சொன்னார். "பேட்டரி வயரைக் கழற்றினால் போதும், பத்து நிமிட வேலை" என்கிறார். ஆனால் நண்பன் ஒருவன் கேரியர் பற்ற வைத்துவிட்டு வந்த பிறகு அவன் வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை. ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டர்) போய்விட்டதாம், ஐந்திலக்கத்தில் செலவு. எனக்கு இப்போது வயிற்றைக் கலக்குகிறது. என்னென்ன கழற்ற வேண்டும்?

பழைய கார்புரேட்டர்:
தம்பி, வீணாகப் பயப்படாதீர்கள். நான் எத்தனையோ வண்டிகளுக்கு ஸ்டாண்டு, கேரியர், சாரி கார்டு எல்லாம் வண்டியில் வைத்தே அடித்திருக்கிறேன். பேட்டரியைக்கூடக் கழற்றியதில்லை. ஒன்றும் ஆனதில்லை.

ராடும் கையுமாக:
அண்ணே, நீங்கள் சொல்வது அந்தக் கால வண்டிகளுக்குச் சரி. அவற்றில் கெடுவதற்கு ஒரு சிடிஐயும் (ஸ்பார்க் கொடுக்கும் பெட்டி) சார்ஜிங் ரெகுலேட்டரும்தான். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோல் தெளிப்பதே ஈசியு சொல்லித்தான். ஏபிஎஸ் (பிரேக் பிடித்தால் வீல் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது) இருந்தால் அதற்குத் தனி மாட்யூல். அதனால் கொஞ்சம் கூடுதலாக மெனக்கெட வேண்டியிருக்கிறது.

மலைப்பாதை, விஷயம் இதுதான். 2.5 எம்எம் வெல்டிங் ராடு என்றால் 70, 80 ஆம்பியர் ஓடும். அது ராடு நுனியில் இறங்கி, எர்த் கிளாம்ப் (கரண்ட் மெஷினுக்குத் திரும்பும் வயரின் கவ்வி) எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சேர வேண்டும். கிளாம்பை எங்கோ தள்ளிப் போட்டால், நடுவில் கிடைக்கும் எல்லா வழியிலும் பிரிந்து போகும். வயரிங் கிட்டின் எர்த் வயர் சேஸில் ஒரே இடத்தில் மட்டும் போல்ட் போட்டிருக்காது. இரண்டு இடத்தில் இருந்தால் அதுவும் ஒரு வழிதான். பேட்டரி நெகட்டிவை மட்டும் கழற்றினால் இந்த வழி அப்படியே இருக்கும். அதனால்தான் ஈசியு கப்ளரையும் (வயர்கள் சேரும் சொருகி) உருவச் சொல்கிறோம்.

கிளாம்பை ஹேண்டில்பாரில் மாட்டினால் ஸ்டீயரிங் கோன்செட் குண்டுகள் வழியாகவும், வீலில் மாட்டினால் பேரிங் வழியாகவும் கரண்ட் போகும். குண்டுகளில் பொறி விழுந்து பள்ளமாகும். சத்தம் ஒரு மாதம் கழித்துத்தான் கேட்கும், அப்போது வெல்டிங் நினைவே வராது. உங்கள் வேலைக்கு, விரிசலிலிருந்து ஒரு சாண் தள்ளி, சேஸ் குழாயில் பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் கிளாம்ப் போடச் சொல்லுங்கள். ஸ்டாண்டிலேயே போடக் கூடாது. ஸ்டாண்டுக்கும் சேஸுக்கும் நடுவில் கிரீஸ் தடவிய போல்ட் ஒன்று இருக்கிறது. ஒன்றை மட்டும் கேட்கிற ஆளாக இருந்தால், பட்டறைக்காரரிடம் இதைத்தான் சொல்வேன்.

வயர்மேன்:
கழற்றும் வரிசை: சாவி ஆஃப். பேட்டரியில் முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் சேஸில் பட்டுப் பொறி பறக்கும். பேட்டரியை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். அப்புறம் ஈசியு, ஏபிஎஸ் மாட்யூல், ஆர்ஆர் யூனிட் (சார்ஜிங் ரெகுலேட்டர்) கப்ளர்கள். பூட்டை அமுக்கி இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பின்களில் விரல் படக் கூடாது. பாலித்தீன் பையைச் சுற்றிக் கட்டுங்கள், கிரைண்டர் தூள் உள்ளே போனால் அது வேறு தலைவலி.

உங்கள் வண்டியில் சைடு ஸ்டாண்டு சுவிட்ச் இருக்கும். பற்ற வைக்கும் இடத்துக்கு நான்கு விரல் தூரத்தில். அதையும் ஸ்டாண்டையும் கழற்றி, அந்த வயரை ஈரத்துணியில் சுற்றி மேலே தூக்கிக் கட்டுங்கள். பட்டறைப் பட்டறையாகப் பார்த்ததில், கரண்டில் செத்த வயரைவிடச் சூட்டில் வெந்த வயர்தான் அதிகம்.

ராடும் கையுமாக:
ராடு இல்லாமல் டிக் (ஆர்கான்) வெல்டிங் என்றால் ஹைஃப்ரீக்வென்சி ஸ்டார்ட் (தொடாமலே பொறி கிளப்பும் முறை) வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஈசியுவையே கழற்றி எடுத்திருந்தால் அதைக்கூட மேசையில் கொஞ்சம் தள்ளி வைப்பது நல்லது. பெட்ரோல் டேங்கையும் இறக்கிவிடுங்கள். கேனிஸ்டர் (டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பா) குழாயில் ஆவி நிற்கும், மறந்துவிடாதீர்கள். பற்ற வைத்ததும் தண்ணீர் ஊற்றக் கூடாது, தானாக ஆறட்டும்.

மலைப்பாதை:
முடிந்தது. பட்டறைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு அவரே பெயின்டைச் சுரண்டிக் கொடுத்தார். கழற்றி மாட்டத்தான் ஒன்றரை மணி நேரம், வெல்டிங் உண்மையிலேயே பத்து நிமிடம். பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் பிறகு மாட்டினேன். சாவி போட்டதும் பம்ப் சத்தம் வந்தது, இன்ஜின் லைட் அணைந்தது. நியூட்ரலில் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் முதல் கியர் போட்டதும் அணைந்துவிடுகிறது! ஈசியு போய்விட்டதா?

வயர்மேன்:
ஈசியு போயிருந்தால் நியூட்ரலில் ஓடாது. ஸ்டாண்டை மடக்கிய பிறகும் மீட்டரில் ஸ்டாண்டு விளக்கு எரிகிறதா?

மலைப்பாதை:
ஆமாம், எரிகிறது.

வயர்மேன்:
அப்படியானால் சுவிட்சில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பின், ஸ்டாண்டில் இருக்கும் துளைக்குள் உட்காரவில்லை. ஸ்டாண்டு இன்னும் கீழேதான் இருக்கிறது என்று வண்டி நினைக்கிறது. போல்ட்டைத் தளர்த்தி, பின்னைத் துளைக்கு நேராக வைத்து மறுபடி மாட்டுங்கள்.

மலைப்பாதை:
அதேதான் அண்ணே. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, விளக்கு அணைந்தது, கியரும் விழுகிறது. ஒரே குறை, பிராக்கெட் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துவிட்டது போல. வண்டி முன்னைவிட நிமிர்ந்து நிற்கிறது, வலது பக்கம் சரிவாக இருந்தால் பயமாக இருக்கிறது.

ராடும் கையுமாக:
ஸ்டாண்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள், அடிப்பாகத்தில் அரை இஞ்ச் குறைத்துத் தருவார். இந்த முறை வண்டி வீட்டிலேயே நிற்கட்டும்.