பழைய 401கே பணத்தில் வாடகை வீடு வாங்கலாமா?

டாலஸ்வாசி:
வணக்கம். எனக்கு வயது 46. முன்பு வேலை பார்த்த அமெரிக்க நிறுவனத்தின் 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் உள்ள 2,20,000 டாலரை, முதலீட்டை நாமே தேர்ந்தெடுக்கும் ஐ.ஆர்.ஏ. (தனிநபர் ஓய்வுக்காலச் சேமிப்பு) கணக்குக்கு மாற்றி, டாலஸுக்கு வடக்கே 3,00,000 டாலருக்கு ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட எண்ணியுள்ளேன். குறைகிற தொகைக்குக் கடன் வாங்கலாம் என்கிறார் தரகர். குழாய், கதவு போன்ற சிறு பழுதுகளை நானே பார்த்துக்கொள்வேன். கும்பகோணத்திலிருந்து பெற்றோர் வரும்போது வீடு காலியாக இருந்தால் அங்கேயே தங்கவைக்கலாம் என்றும் யோசனை. சட்டம் இதற்கு இடம் கொடுக்குமா?

வரிக்கணக்கர்:
வீடு வாங்கத் தடையில்லை. கடைசியாகச் சொன்ன இரண்டும்தான் சிக்கல். அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 4975ஆம் பிரிவின்படி நீங்கள், உங்கள் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், பிள்ளைகளின் துணைவர்கள் ஆகியோர் அந்த வீட்டைப் பயன்படுத்தவே கூடாது; சந்தை வாடகை கொடுத்துத் தங்கினாலும் தவறுதான். உடன்பிறந்தவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நீங்களே பழுது பார்ப்பதையும் தடைசெய்யப்பட்ட பரிவர்த்தனையாகக் கருத வாய்ப்புண்டு. ஆகவே வெளியாளை வைத்து, கணக்கிலிருந்தே கூலி கொடுங்கள். விதி மீறப்பட்டால் அந்த ஆண்டு ஜனவரி 1 அன்றே முழுக் கணக்கையும் நீங்கள் எடுத்துக்கொண்டதாகக் கொண்டு வருமான வரி விதிப்பார்கள். ஐம்பத்தொன்பதரை வயது நிரம்பாததால் அதோடு அந்தத் தொகையில் 10 சதவீதம் கூடுதல் வரியும் உண்டு.

பிளேனோக்காரர்:
கடனைப் பற்றி நான் சொல்கிறேன். சொந்த ஜாமீன் கொடுத்து வாங்கும் கடன் இதற்கு ஆகாது. 2013இல் அமெரிக்க வரி நீதிமன்றத்தின் பீக் வழக்கில் கணக்குதாரர்கள் அப்படி ஜாமீன் கொடுத்ததாலேயே தங்கள் ஐ.ஆர்.ஏ.க்களின் வரிச்சலுகையை இழந்தார்கள். அந்த வீட்டை மட்டுமே ஈடாகக் கொண்டு கடன் தரும் வங்கிகள் சில இருக்கின்றன. முன்பணம் அதிகம் கேட்பார்கள், வட்டியும் கூடுதல். அதுமட்டுமல்ல, கடனால் வாங்கிய பங்குக்கு உரிய வாடகை வருமானத்துக்கு, வரிச்சலுகைக் கணக்காக இருந்தும், வரி உண்டு. மொத்த வருமானம் 1,000 டாலரை எட்டினால் கணக்கின் பெயரில் 990-டி என்ற வரிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும்.

என்னை உண்மையில் யோசிக்க வைப்பது கூரைதான். ஆலங்கட்டி மழை இந்தப் பக்கம் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். காப்பீட்டில் நாம் ஏற்க வேண்டிய தொகை, சொத்துவரி, வாடகை வராத மாதங்களின் தவணை என எல்லாமே அந்தக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். அங்கே ரொக்கம் தீர்ந்தால் சொந்தப் பணத்தை விருப்பம்போல் எடுத்துக் கொடுக்க முடியாது; கணக்கில் ஓராண்டில் போடக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு, 2025ஆம் ஆண்டுக்கு அது உங்கள் வயதுக்கு 7,000 டாலராகத்தான் இருந்தது.

டாலஸ்வாசி:
நன்றி. பெற்றோர் யோசனையைக் கைவிடுகிறேன். கடனில்லாமல் 1,70,000 டாலருக்குள் சிறிய டவுன்ஹவுஸ் ஒன்றைப் பார்த்து, மீதியை ரொக்கமாக வைத்தால் சரிவருமா?

வரிக்கணக்கர்:
அது எவ்வளவோ மேல். ஆனாலும் தேய்மானக் கழிவு உங்கள் சொந்த வரிக்கணக்கில் கிடைக்காது. விற்ற லாபம், பின்னாளில் எடுக்கும்போது, மூலதன ஆதாயத்துக்கான குறைந்த விகிதத்தில் அன்றிச் சாதாரண வருமானமாகவே வரிக்கு உட்படும். ஐ.ஆர்.ஏ. கணக்கை வைத்து நடத்தும் பாதுகாவலர் நிறுவனம் தாள்களைக் கையாளுமே தவிர, வீடு நல்லதா என்று பார்க்காது. இப்போதைக்கு ஒன்றைக் கவனியுங்கள்: வாங்குபவர் நீங்கள் அல்ல, உங்கள் நலனுக்காகச் செயல்படும் அந்நிறுவனம் என்றே ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். எனவே தரகர் அவசரப்படுத்தினாலும் முன்வைப்புத் தொகைக்கு உங்கள் சொந்தக் காசோலையைக் கொடுத்துவிடாதீர்கள்.