25ஆம் ஆண்டு வகுப்புத் தோழர்கள் தொகுப்பு: நன்றாக இருப்பவர்கள் மட்டும்தான் பதில் தருகிறார்கள், மற்றவர்களிடம் எப்படிக் கேட்பது?

இளவேனில் கேட்டது:

நாங்கள் கல்லூரி முடித்து 25 ஆண்டு ஆகப்போகிறது, எல்லோரும் நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டோம். யார் எங்கே இருக்கிறார்கள், என்ன வேலை, குடும்பம் எப்படி, எங்கெல்லாம் போய்வந்தார்கள் என்று ஒரு சிறு தொகுப்பு போடலாம் என வாட்ஸ்அப் குழுவில் பேச்சு வந்தது. தொகுக்கும் பொறுப்பு என்னிடம். குழுவில் ஒருவர் படிவம் தயாரித்துக் கொடுத்தார்: தற்போதைய பதவி, நிறுவனம், துணைவர் பெயர், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், பார்த்த நாடுகள். பெரிய பதவியில் இருப்பவர்கள் அன்றைக்கே நிரப்பி, போட்டோவோடு அனுப்பிவிட்டார்கள். பாதிப் பேரிடமிருந்து சத்தமே இல்லை.

எனக்கு உறுத்துவது அந்தப் பாதிதான். வகுப்பில் எப்போதும் முதலாவதாக வந்தவள், தேர்வுக்கு முந்தின ராத்திரி எங்களை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தவள், "என் பெயரை மட்டும் போட்டுவிடு, வேறெதுவும் வேண்டாம்" என்று தனியாக ஒரு வரி அனுப்பினாள். இன்னொருவன் துணைவர் என்ற கட்டம் வந்ததும் அப்படியே மூடிவைத்துவிட்டானாம். மனைவி போன வருடம் இறந்துவிட்டார். மணவிலக்கு ஆனவர்கள் இருக்கிறார்கள், வேலையை விட்டுவிட்டுப் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேர் உயிரோடே இல்லை. இவர்களை விட்டுவிட்டுப் போட்டால் அது எங்கள் வகுப்பே இல்லை. எப்படிக் கேட்பது, எதை எழுதுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வழிப்போக்கன்:

முதலில் அந்தப் படிவத்தைத் தூக்கிப் போடுங்கள். 'தற்போதைய பதவி' என்று கட்டம் போட்டால் பதவி இல்லாதவர் அதில் என்ன எழுதுவார்? ஒரு கட்டத்தைக் காலியாக விடுவதைவிட மொத்தத்தையும் மூடிவிடுவது அவருக்குச் சுலபம். நாங்கள் 20ஆம் ஆண்டுக்குச் செய்தபோது மூன்றே கேள்விதான் கேட்டோம். இப்போது பொழுது பெரும்பாலும் எதில் போகிறது? யாரோடு இருக்கிறீர்கள்? போய்வந்ததில் மனதில் நிற்கிற இடம் எது? அவ்வளவுதான். வேண்டியதை எழுதலாம், வேண்டாததை விடலாம்.

ஒருத்தி எழுதியிருந்தாள்: காலையில் எழுந்ததும் அப்பாவுக்குச் சர்க்கரை பார்த்து இன்சுலின் போடுவேன், அவர் என்னைத் தன் தங்கை என்று நினைத்துக்கொண்டு சின்ன வயதுக் கதை சொல்வார், கேட்டுக்கொண்டே வேலைக்குக் கிளம்புவேன் என்று. அந்தத் தொகுப்பில் கம்பெனி நடத்துபவர்களும் இருந்தார்கள், ஆனால் எல்லோரும் திரும்பத் திரும்பப் படித்தது இதைத்தான். அதைப் பார்த்த பிறகு, அதே நிலையில் இருந்த வேறு சிலரும் தங்களுடையதை எழுதி அனுப்பினார்கள்.

பயணத்துக்கும் அப்படித்தான், நாடுகளின் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். வேலை ஒரு ஊரில், குடும்பம் ஒரு ஊரில் என்று வருடக்கணக்கில் வாராவாரம் இரவு ரயிலில் அலைந்தவன் எங்களில் ஒருவன். மகள் கணக்கு நோட்டைப் படம் பிடித்து அனுப்புவாளாம், இவன் மேல் படுக்கையில் படுத்தபடியே பார்த்துத் தப்பைச் சுட்டிக்காட்டிப் பதில் போடுவானாம். பயணம் என்ற தலைப்பில் அதைத்தான் எழுதினான். அதுவும் பயணம்தானே.

நூலகவாசி:

உங்களைப் போலவே படிப்பு முடித்தவர்களை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்த ஆய்வு ஒன்று உண்டு. ஹார்வர்டில் 1938ல் தொடங்கினார்கள். அந்தக் கல்லூரி மாணவர்கள் 268 பேரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கேள்வித்தாள் அனுப்பி, வேலை, திருமணம், உடல்நிலை என்று அவர்கள் கிழவர்கள் ஆகும்வரை தொடர்ந்தார்கள். ஜான் எஃப். கென்னடியும் அதில் ஒருவர். பிற்காலத்தில் அந்த ஆய்வை நடத்திய ராபர்ட் வால்டிங்கர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது: 80 வயதில் யார் திடமாக இருப்பார்கள் என்பதை 50 வயதில் இருந்த கொலஸ்ட்ரால் அளவைவிட, அந்த வயதில் உறவுகளில் எவ்வளவு நிறைவாக இருந்தார்கள் என்பதே நன்றாகக் காட்டியது. அந்த மாணவர்கள் எல்லோருமே ஆண்கள், ஒரே கல்லூரி, அதனால் அப்படியே உலகத்துக்கெல்லாம் பொருத்திவிட முடியாது. ஆனாலும் 'யாரோடு இருக்கிறீர்கள்' என்று வழிப்போக்கன் கேட்டதுதான் சரியான கேள்வி.

அப்புறம், முதலாவதாக வந்தவர் ஏன் ஒதுங்குகிறார் என்பது. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954லேயே எழுதியிருக்கிறார், மனிதர்கள் தங்களை அளந்து பார்ப்பது தங்களைப் போன்றவர்களோடுதான் என்று. எங்கோ இருக்கும் கோடீஸ்வரரைப் பார்த்து யாரும் தூக்கம் கெடுவதில்லை. ஒரே அறையில், ஒரே வயதில், ஒரே பரீட்சை எழுதியவர்கள் என்றால் கதை வேறு. அதிலும் இவளிடம் எல்லோரும் பெரிதாக எதையோ எதிர்பார்த்திருப்பார்கள், அது அவளுக்கும் தெரிந்திருக்கும். அவளைச் சும்மா விடாதீர்கள், ஆனால் தொகுப்புக்காகக் கூப்பிடாதீர்கள்.

கரையோரம்:

நான் அந்தப் பதில் தராத பாதியைச் சேர்ந்தவன், அதனால் சொல்கிறேன். 46 வயதில் வேலை போய் வீட்டில் இருந்த நேரத்தில்தான் எங்கள் குழுவில் இப்படி ஒரு சுற்று ஓடியது. ஒருவன் பனிமலை ஏறிய படம், இன்னொருத்தியின் மகன் பட்டமளிப்பு. பொறாமை என்று சொல்லமாட்டேன், அவர்கள் நன்றாக இருப்பதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். நம்மிடம் சொல்ல ஒன்றும் இல்லையே என்ற நினைப்புதான் விரலைக் கட்டிப்போடும். வாழ்த்துக்கள் என்று மட்டும் போட்டுவிட்டுப் போனை வைத்துவிடுவேன்.

அறைத்தோழன் ஒருநாள் போன் செய்தான். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இன்னும் புல்லாங்குழல் வாசிக்கிறாயாடா?" என்றான். எடுத்தே ரொம்ப நாளாயிற்று என்றேன். போய் எடு, நான் லைனில் இருக்கிறேன் என்றான். மூச்சு பிடிக்கவில்லை, சுரம் சேரவில்லை, அவன் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தான். வைக்கும்முன் நானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் கேட்டுக்கொண்டு இன்னொரு வகுப்புத் தோழனிடம் சொல்ல, கல்லூரி நாட்களில் நான் அதிகம் பேசியே இராத அவன் மூலமாகத்தான் இப்போதைய வேலை வந்தது. நூலகவாசிக்கு இது தெரிந்திருக்கும்: மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973ல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் 55.6 சதவீதம் பேர் அந்த நபரை எப்போதாவதுதான் பார்த்துவந்தவர்கள், 27.8 சதவீதம் பேர் அபூர்வமாகவே பார்த்தவர்கள். பழைய கல்லூரி நண்பர்களை அவர் அங்கே உதாரணமாகவே சொல்கிறார்.

ஆகவே இளவேனில், குழுவில் பொதுவாகப் போடாதீர்கள். ஒவ்வொருவரையும் அவரோடு நெருக்கமாக இருந்த ஒருவர் கூப்பிடட்டும். மனைவியை இழந்தவரிடம் அந்தப் பேச்சைத் தவிர்க்கவும் வேண்டாம், மனைவியின் பெயரைச் சொல்லியே விசாரியுங்கள். எல்லோரும் தவிர்ப்பது இன்னும் பெரிய வலி.

நிதானம்:

நல்ல யோசனைகள்தான், ஒன்று மட்டும் கவனியுங்கள். தொகுப்பு பிடிஎஃப் ஆகிவிட்டால் யார் யாருக்குப் போகும் என்று உங்கள் கையில் இல்லை. போன் எண், வீட்டு முகவரி எதுவும் உள்ளே வேண்டாம். பிள்ளைகளின் படமும் படிப்பும் போடுவதற்குமுன் வளர்ந்த பிள்ளைகளையே கேளுங்கள். எழுதியதை அச்சுக்கு முன் அவரவருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். போனில் மனம்விட்டுப் பேசியதை அப்படியே எழுதிவிடக் கூடாது. பெயர் மட்டும் போதும் என்றவருக்குப் பெயர் மட்டும்தான், அதில் வற்புறுத்தல் கூடாது.

இளவேனில்:

எல்லோருக்கும் நன்றி. படிவத்தை எடுத்துவிட்டேன். யார் யாரைக் கூப்பிடுவது என்று நண்பர்கள் சிலர் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறோம். முதலாவதாக வந்தவளை நான்தான் கூப்பிடுகிறேன், தொகுப்புப் பேச்சே எடுக்கமாட்டேன். கரையோரம், நீங்கள் எழுதியதை எங்கள் குழுவில் உள்ளவர்களுக்குக் காட்டலாமா?

இறந்த இருவரைப் பற்றி மட்டும் இன்னும் தெளிவில்லை. கடைசியில் தனியாக ஒரு பக்கம் அஞ்சலி போடலாம் என்கிறார்கள்.

கரையோரம்:

தாராளமாகக் காட்டுங்கள்.

வழிப்போக்கன்:

தனிப் பக்கம் வேண்டாம். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் மற்றவர்களோடு சேர்த்தே போடுங்கள். குடும்பத்தாரிடம் முதலில் சம்மதம் கேளுங்கள், படிக்கிற காலத்தில் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதைப் பக்கத்து இருக்கைக்காரர் யாராவது எழுதட்டும். எங்களுடையதில் அப்படித்தான் செய்தோம். ஒருவனுடைய மகள் அதைப் படித்துவிட்டு, அப்பா கல்லூரியில் நாடகத்தில் நடித்தது எனக்குத் தெரியவே தெரியாது, படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். தேடி எடுத்து அனுப்பினோம்.