கதவில் மாட்டிய தேர்தல் அட்டை: டெக்சஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கிக் குடிவந்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, கதவுக் கைப்பிடியில் யாரோ ஓர் அட்டையை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். 'சொத்து வரியை ஒழிப்பேன்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. குடியுரிமை இல்லாத நமக்குத்தான் ஓட்டே கிடையாதே, குப்பையில் போட்டுவிடலாமா?"

படித்துவிட்டுப் போடுங்கள், தம்பி. அது மாநிலப் பிரதிநிதிகள் அவைக்கு நிற்கும் குடியரசுக் கட்சி வேட்பாளரின் அட்டை. நம் ஊர் எம்.எல்.ஏ. மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாதச் சம்பளம் 600 டாலர்தான். மொத்தம் 150 பேர். ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதிகபட்சம் 140 நாட்கள் வழக்கமான கூட்டத்தொடர். உங்கள் வரியும் பிள்ளையின் பள்ளியும் அங்கேதான் அலசப்படுகின்றன. இரவெல்லாம் வாஷிங்டன் செய்தி பார்க்கும் நம்மவர்களுக்குத் தங்கள் தொகுதிக்காரரின் பெயர் தெரியாது. எனக்கே ஆறு ஆண்டுகள் தெரியாது.

சொத்து வரிக்கு வருவோம். இங்கே மாநில வருமான வரி இல்லை என்று சொல்லித்தான் எல்லோரும் உங்களை வரவழைத்திருப்பார்கள். அந்தப் பணம் வீட்டின் மேல் வந்து விழும் என்பதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். வரி விகிதத்தை வைப்பது கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), நகராட்சி, பள்ளி மாவட்டம் ஆகியவை. பெரும்பங்கு பள்ளிக்குப் போகிறது. சட்டமன்றத்தின் கையில் இருப்பது விதிகளும் விலக்குகளும். குடியிருக்கும் வீட்டுக்கான 'ஹோம்ஸ்டெட்' விலக்கு 2023இல் 1,00,000 டாலராகவும், 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1,40,000 டாலராகவும் உயர்ந்தது. 4,50,000 டாலர் வீட்டுக்குப் பள்ளி வரி 3,10,000க்கு மட்டும்தான். இதற்குக் குடியுரிமை தேவையில்லை. விசாவில் இருப்பவரும் கேட்கலாம். ஓட்டுநர் உரிமத்தில் புது முகவரியை மாற்றிவிட்டு, கவுண்டியின் மதிப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். கட்டணம் இல்லை. 'நாங்கள் வாங்கித் தருகிறோம்' என்று பணம் கேட்டு வரும் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். வரியை அடியோடு ஒழிப்பேன் என்பவரிடம், பள்ளிக்கூடம் எந்தப் பணத்தில் நடக்கும் என்று கேளுங்கள். விற்பனை வரி என்று பதில் வந்தால், வாடகைக்கு இருப்பவரும் கடையில் பொருள் வாங்கும்போது சேர்ந்து கட்டப்போகிறார் என்று பொருள்.

அட்டையில் அடுத்த வரி 'பெற்றோர் உரிமை, பள்ளித் தேர்வு'. இது வவுச்சர் விவகாரம், அதாவது தனியார் பள்ளிச் செலவுக்கு அரசுப் பணம் தருவது. 2023 நவம்பரில் குடியரசுக் கட்சியினர் 21 பேரே எதிரணியான ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து இதைத் தோற்கடித்தார்கள். ஊருக்கு ஒரே அரசுப் பள்ளி இருக்கும் கிராமத் தொகுதிக்காரர்கள் அவர்களில் பலர். ஆளுநர் கிரெக் அபாட் விடவில்லை. 2024 பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்) அவர்களுக்கு எதிராகவே ஆட்களை ஆதரித்தார், பலர் தோற்றார்கள். 2025 மே மாதம் சட்டம் ஆகிவிட்டது: 100 கோடி டாலர் ஒதுக்கீடு, தனியார் பள்ளியில் சேரும் பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 10,000 டாலர். நல்ல அரசுப் பள்ளிக்காகவே வீட்டு விலையைக் கூட்டிக் கொடுத்து வாங்கிய நமக்கு, அந்தப் பள்ளியின் நிதி என்னவாகும் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. தனியார் பள்ளியில் சேர்த்திருக்கும் என் தங்கை இதை ஒப்புக்கொள்ள மாட்டாள்.

துப்பாக்கி: 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பிய, தகுதியுள்ளவர் உரிமம் இல்லாமலே பொது இடங்களில் கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். விசாவில் இருப்பவர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் கடுமையான தடை உண்டு, ஆசைப்பட வேண்டாம். கருக்கலைப்பு 2022 முதல் ஏறத்தாழ முழுத் தடையில் இருக்கிறது. தாயின் உயிருக்கு ஆபத்து போன்ற நிலையில்தான் விலக்கு. கர்ப்பமாக இருப்பவர்கள் சிக்கல் வந்தால் என்ன செய்வார்கள் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் கத்திச் சொல்ல வேண்டியது. கடைவாசலில், கோயில் விழாவில் மேசை போட்டு வாக்காளர் பதிவுப் படிவம் நீட்டுவார்கள். சிரித்த முகமாகத்தான் கேட்பார்கள். 'அமெரிக்கக் குடிமகனா' என்ற கட்டத்தில் தெரியாமல் டிக் அடித்தாலும் பின்னாளில் கிரீன் கார்டே கைநழுவிப் போகலாம். கிரீன் கார்டு வாங்கியவருக்கும் இந்த ஓட்டு கிடையாது. நன்கொடை தர கிரீன் கார்டாவது வேண்டும். வேட்பாளரின் நிதி திரட்டும் விருந்துக்கு டிக்கெட் வாங்குவதும் நன்கொடைதான்.

கதவைத் தட்டினால் தாராளமாகத் திறங்கள். எனக்கு ஓட்டு இல்லை, ஆனால் வரி கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பள்ளி நிதியைப் பற்றிக் கேளுங்கள். சென்ற முறை வந்தவர் என் வாசலில் இருபது நிமிடம் நின்று பேசினார். மோர் கொடுத்தேன், குடித்தார்.