லாவண்டர் செடியில் உட்கார்ந்த ‘விட்டில்’

சியாட்டிலுக்கு வந்த இரண்டாவது ஆகஸ்ட். வாசலில் இருக்கும் லாவண்டரில் செம்மஞ்சளாக, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஏதோ உட்கார்ந்திருந்தது. குண்டு உடம்பு, உருண்டைக் கண். இரவில் விளக்கைச் சுற்றும் விட்டில்பூச்சி என்றே முடிவு கட்டிவிட்டேன். "மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு விட்டிலாப்பா?" என்று மகள் கேட்டதும்தான் குனிந்து பார்த்தேன்.

உணர்கொம்பின் நுனி தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தது. பின்னிறகைப் படுக்கையாக விரித்து, முன்னிறகைப் பாதி தூக்கி, புறப்படத் தயாரான குட்டி ஜெட் விமானம் போல உட்கார்ந்திருந்தது. சரி, ஸ்கிப்பர் (skipper) என்கிற வண்ணத்துப்பூச்சிக் குடும்பம்.

எந்த ஸ்கிப்பர் என்பதில்தான் தலைவலி. ஐரோப்பிய ஸ்கிப்பரும் செம்மஞ்சள்தான். ஆனால் அது கோடையின் முன்பாதியில் பறக்கும், பின்னிறகின் அடியில் புள்ளி எதுவும் இருக்காது. நான் பார்த்ததற்கு அங்கே வெளிர்மஞ்சள் புள்ளிகள் வளைந்த பட்டையாக ஓடின. முன்னிறகில் சாய்வாக ஒரு கருங்கோடு, ஆகவே ஆண். வுட்லேண்ட் ஸ்கிப்பர்! பெயரில்தான் காடு, எங்கள் பக்கம் புல் உள்ள எந்தத் தோட்டத்துக்கும் வரும்.

அதன் வாழ்க்கையைப் படித்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. வருடத்துக்கு ஒரே தலைமுறை. முட்டையைப் புல்லில் இடும். பொரிந்து வரும் புழு ஒரு வாய்கூடத் தின்னாமல் குளிர்காலம் முழுக்க அடங்கிக் கிடக்கும். வசந்தத்தில் புல் துளிர்த்த பிறகுதான் முதல் சாப்பாடு. நானோ அக்டோபர் ஆனால் வேலியோரப் புல்லை ஒட்ட மழித்து, அள்ளிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஒரு முழ அகலத்துக்கு வெட்டாமல் விட்டேன். மே மாதம் ஒரு புல்லிதழ் குழலாகச் சுருண்டு, பட்டு நூலால் தையல் போட்டது போல இருந்தது. உள்ளே பச்சைப் புழு. இதே இனம்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், பிரித்துப் பார்க்கவும் மனம் வரவில்லை.

போர்ட்லேண்டிலிருந்து ஒரு பதில்:

எங்கள் வீட்டில் செப்டம்பர் கடைசிவரை ஆஸ்டர் பூவில் வரும். இறகெல்லாம் கிழிந்து, நிறம் வெளுத்து இருக்கும், அப்போது புள்ளியை நம்பி அடையாளம் காண முடியாது. அப்புறம், சுருளுக்குள் எச்சம் இல்லையே என்று ஏமாறாதீர்கள். ஸ்கிப்பர் புழுக்கள் பலவும் எச்சத்தைத் தூரமாகச் சுண்டி எறிந்துவிடும். அந்த வாசனையை வைத்துக் குளவி தேடி வருமாம்.

சியாட்டில்:

அதனால்தான் அவ்வளவு சுத்தமா! புல் வெட்ட வருபவருக்குத் தெரியட்டும் என்று மகள் அங்கே நான்கு ஐஸ் குச்சி நட்டு வைத்திருக்கிறாள்.